நைட்ரஜனுக்கு ஜெர்மனில் ‘பூவேலைத் துணி’ என்றா பெயர்?

குடுவை:
ஜெர்மன் படிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. வேதியியல் பாடம் ஒன்றில் நைட்ரஜனை ‘ஷ்டிக்ஷ்டொஃப்’ என்று போட்டிருந்தார்கள். இரண்டாகப் பிரித்து அகராதியில் தேடினால் ‘ஷ்டிக்கன்’ என்பது ஊசிநூலால் பூவேலை செய்வதாம், ‘ஷ்டொஃப்’ துணியாம். வாயுவுக்கும் துணிக்கும் என்னங்க சம்பந்தம்?

சொல்வேட்டை:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஷ்டொஃப் என்றால் துணியும் உண்டு, பொருள் என்றும் அர்த்தம் உண்டு, இங்கே பொருள். முன்பாதியைப் பூவேலையில் தேடாதீர்கள், ‘எர்ஷ்டிக்கன்’ என்று தேடுங்கள்: மூச்சுத்திணறிச் சாவது. ஆக, திணறடிக்கும் பொருள். 1772-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டேனியல் ரூதர்ஃபோர்டு மூடிய காற்றில் எலியை விட்டு, அது செத்த பிறகு மெழுகுவர்த்தியும் பாஸ்பரஸும் எரித்து, மிச்சத்தைக் கரியமில வாயுவை உறிஞ்சும் காரக்கரைசலுக்குள் செலுத்தி எடுத்தார். கடைசியில் நின்ற வாயுவில் சுடரும் அணைந்தது, உயிரும் தங்கவில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே அதனால்தான் கிரேக்கத்திலிருந்து ‘அசோட்’, அதாவது உயிரற்றது, என்று பெயர் வைத்தார்.

மூன்றாம்பிணைப்பு:
பாவம் நைட்ரஜன், அது யார் கழுத்தையும் நெரிக்கவில்லை! நாம் இழுக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான். எலி செத்தது ஆக்சிஜன் குறைந்துபோனதால். ஆனாலும் பழி ஊர் ஊராகப் போயிருக்கிறது: டச்சில் ‘ஸ்டிக்ஸ்டொஃப்’, ஸ்வீடிஷில் திணறடிப்பதைச் சொல்லும் ‘க்வேவெ’, டச்சு நூல்கள் வழியாக ஜப்பானியத்திலும் ‘சிஸ்ஸோ’ (அதன் முதல் எழுத்துக்கே அடைபடுதல் என்றுதான் பொருள்).

குடுவை:
சரி, அப்போ ஆக்சிஜனுக்கு ‘ஸாவர்ஷ்டொஃப்’ என்கிறார்களே, ஸாவர் என்றால் புளிப்பு இல்லையா? ஆக்சிஜன் எங்கே புளித்தது?

சொல்வேட்டை:
அதுவும் லவாய்சியே வேலைதான். அமிலம் எல்லாவற்றிலும் அது இருந்தே தீரும் என்று நம்பி ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்று வைத்தார், ஜெர்மன்காரர்கள் அப்படியே தங்கள் சொல்லில் பெயர்த்துக்கொண்டார்கள். 1810 வாக்கில் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்று காட்டிவிட்டார். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது, யார் மாற்றுவது? நம் ‘உயிர்வளி’ இந்த வம்பில் மாட்டவில்லை.

குடுவை:
நல்லவேளை, வாஸர் என்றால் தண்ணீர் என்பதால் ஹைட்ரஜனின் ‘வாஸர்ஷ்டொஃப்’பை ஈரத்துணி என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன், இப்போதே அடித்துவிடுகிறேன்.