பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பயமா? டெக்சாஸ் வந்த புதியவர்களுக்குச் சில விஷயங்கள்

ஆகஸ்டில் பையனை இங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும், ஊரிலிருந்து மாமனார் "அந்த நாட்டுல பள்ளிக்கூடத்துலயே சுடுறாங்களாமே" என்று தினமும் போன் போட்டுப் புலம்புகிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. தாராளமாகச் சேருங்கள். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைக் கொஞ்சம் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

2020-லிருந்து இந்த நாட்டில் சிறுவர்களும் பதின்வயதினரும் சாவதற்கு முதல் காரணம் துப்பாக்கிதான், சாலை விபத்தைக்கூடத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி வீட்டிலும் தெருவிலும் நடக்கிற கொலையும் தற்கொலையும். பள்ளிக்குள் நடப்பது அதில் மிகச் சிறிய பங்கு, ஆனால் மாமனார் டிவியில் பார்ப்பது முழுக்க அந்தச் சிறிய பங்கைத்தான். "இந்த வருடம் இத்தனை பள்ளித் துப்பாக்கிச்சூடு" என்று வரும் கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். ராத்திரி கார் நிறுத்துமிடத்தில் கை தவறி வெடித்ததையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் உண்டு, பள்ளி நேரத்தில் நடந்ததை மட்டும் எண்ணுகிறவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் தனக்குத் தோதான எண்ணை எடுத்துக்கொண்டு சண்டை போடும்.

முதல் நாள் செய்தியை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். 1999-ல் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது, மேலே ஹெலிகாப்டர் கேமரா சுற்றச் சுற்ற நேரலை ஓடியது. சுட்டவர்கள் கறுப்புக் கோட்டுக் கும்பல், ராக் பாட்டு கேட்டுக் கெட்டவர்கள் என்று அந்த வாரம் சொன்னதில் பாதி பிறகு பொய்யாகிப் போனது. ஆனால் சுட்ட இரண்டு பேரின் படம் மட்டும் ஊர் உலகத்துக்கு மனப்பாடமாகி, அவர்களை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு பின்னால் பல பேர் கிளம்பினார்கள். 2022-ல் நம் டெக்சாஸிலேயே யுவால்டி ஊர்ப் பள்ளியில் ஒருவன் சுட்டு 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் செத்தபோது, போலீஸ் துணிச்சலாக உள்ளே ஓடியதாக மறுநாள் ஆளுநரே பாராட்டினார். வகுப்பறைக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. பிள்ளையை இழந்த பெற்றோர் சிலர், சுட்டவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள் என்று சேனல்களிடம் வருடக்கணக்காகக் கேட்டு வருகிறார்கள். இங்கே சிலராவது அதை மதிக்கிறார்கள். நம் யூடியூப் ஆட்கள் தம்ப்நெயிலிலேயே அவன் முகத்தைத்தான் வைக்கிறார்கள், எரிச்சலாக வருகிறது.

சரி, பள்ளி விஷயம். பள்ளியிலிருந்து மெசேஜ் வந்தால் பதறாமல் அதில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'செக்யூர்' என்றால் ஆபத்து பள்ளிக்கு வெளியே எங்கோ. வெளிக்கதவைப் பூட்டிவிட்டு உள்ளே பாடம் வழக்கம்போல நடக்கும், பக்கத்துத் தெருவில் போலீஸ் யாரையாவது துரத்தினால்கூட இதுதான். 'லாக்டவுன்' என்றால் உள்ளேயே சிக்கல். அறையைப் பூட்டி, விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் ஒளிந்திருப்பார்கள். அந்த நேரத்தில் பையனுக்கு போன் போடாதீர்கள், ஒரு ரிங்டோன் போதும் காட்டிக்கொடுக்க. நேராகப் பள்ளிக்கும் ஓட வேண்டாம், எங்கே வந்து கூட்டிப்போக வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். படம் போட்ட அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், உங்கள் பெயர் பள்ளிப் பட்டியலில் இருக்க வேண்டும். நீங்கள் இரண்டு பேருமே ஆபீஸ் போகிறவர்கள் என்றால் நம்பிக்கையான நண்பர் ஒருவரின் பெயரை இப்போதே சேர்த்துவிடுங்கள். இதற்கான ஒத்திகையும் நடக்கும். அன்று மாலை பையனைக் குடைந்து குடைந்து கேட்காமல், அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பள்ளியில் சுடுகிற இளவயதுக்காரனுக்குத் துப்பாக்கி எங்கிருந்து கிடைக்கிறது? பெரும்பாலும் சொந்த வீட்டிலிருந்து, இல்லாவிட்டால் நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து. 2012-ல் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் சுட்டவன் கையில் இருந்தது அம்மாவுடையது, 2018-ல் இங்கே ஹூஸ்டன் பக்கம் சாண்டா ஃபேயில் அப்பாவுடையது. 2021-ல் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டில், அப்பா நாலு நாளைக்கு முன்னால் வாங்கியது. அந்தப் பெற்றோர் இரண்டு பேருக்கும் 2024-ல் 10 முதல் 15 வருடம் சிறை. யுவால்டி விதிவிலக்கு, அங்கே சுட்டவன் 18 வயது ஆனதும் கடையில் சட்டப்படியே வாங்கினான்.

அதனால் உங்கள் பையன் நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகும்போது, "எங்கள் பையனுக்கு வேர்க்கடலை ஒவ்வாது, அப்புறம் உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டித்தான் வைத்திருக்கிறீர்களா" என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். இந்த நாட்டில் பத்துப் பெரியவர்களில் மூன்று பேரிடம் துப்பாக்கி உண்டு, இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஆட்களிடமும் கேளுங்கள், கிரீன் கார்டு வந்ததும் வாங்கிப் பெட் டேபிள் டிராயரில் போட்டு வைத்திருக்கிற அண்ணன்மார் இருக்கிறார்கள். பிள்ளைகள் கையில் எட்டும்படி வைப்பது டெக்சாஸில் குற்றம்தான், ஆனால் பெரும்பாலும் அபராதத்தோடு முடிகிற சின்னக் குற்றம்.

ஆபீசில் இந்தப் பேச்சு வந்தால், துப்பாக்கி வைத்திருப்பவன் எல்லாம் பைத்தியம் என்று ஆரம்பிக்காதீர்கள். 1791-லேயே அரசியல் சாசனத்தில் ஏறிய உரிமை அது. 2008-ல் ஹெல்லர் வழக்கில், வாஷிங்டன் நகரம் வீட்டுத் துப்பாக்கிக்குப் பூட்டுப் போட்டே தீர வேண்டும் என்று வைத்திருந்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நடுராத்திரி திருடன் வந்தால் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா என்பது துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தரப்பு, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விரல் ரேகை வைத்தால் நொடியில் திறக்கிற பெட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கிற காலத்தில், எனக்கு அந்த வாதம் பழசாகத் தெரிகிறது. இரண்டு கட்சியும் டிவியில் மணிக்கணக்காக எந்தத் துப்பாக்கியைத் தடை செய்வது என்று கத்துகின்றன, பூட்டைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை.

சில்லறை விஷயங்கள். கடை வாசலில் 30.06, 30.07 என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் பலகை இருக்கும், கடை திறக்கும் நேரமோ என்று பார்க்காதீர்கள், துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்கிற சட்டப் பிரிவு எண்கள் அவை. ஊரில் தீபாவளிக்கு வாங்கிய பொம்மைத் துப்பாக்கி பையனின் ஸ்கூல் பேக்கில் எந்தக் காரணத்துக்கும் போகக் கூடாது. இங்கே விற்கிற பொம்மைக்கு ஆரஞ்சு முனை கட்டாயம், நம்மூர்ப் பொம்மைக்கு அது இருக்காது. 2014-ல் கிளீவ்லாந்தில் ஆரஞ்சு முனை கழன்ற பொம்மையோடு பூங்காவில் நின்ற 12 வயதுப் பையனை நிஜம் என்று நினைத்துப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

கடைசியாக, உங்களுக்கே. ஹெச்1பி, ஹெச்4, எஃப்1 விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. வார இறுதியில் நண்பர்கள் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிட்டு அங்கே வாடகைக்கு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாலும் இந்தச் சட்டத்தில் மாட்டலாம், மாட்டினால் விசாவே போய்விடும். டெக்சாஸில் 2021-லிருந்து லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாமே என்பார்கள். அது அவர்களுக்கு, உங்களுக்கில்லை. இமிகிரேஷன் வக்கீலைக் கேட்காமல் தொடாதீர்கள், இன்ஸ்டாவுக்குப் போட்டோ எடுக்கக்கூட வேண்டாம்.