காமினித்தோ தெல் ரேய்: ஒரே நாளில் போய்வர எப்படித் திட்டமிடுவது?

கேள்வி
ஏப்ரலில் ஸ்பெயின் போகிறோம். மலகாவில் தங்கி, திங்கட்கிழமை ரயிலில் எல் சோரோ போய், காமினித்தோ தெல் ரேய் என்ற பாறையோரப் பலகைப் பாதையில் நடந்துவிட்டு இரவுக்குள் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு 64 வயது, மூட்டு வலி உண்டு. மகளுக்கு மே மாதம் எட்டு வயது முடிகிறது. நுழைவு நேரம் காலை 10:30 எடுத்தால் சரிவருமா?

பதில் 1
முதலில் நாளை மாற்றுங்கள், திங்கட்கிழமை பாதைக்கு விடுமுறை. அடுத்தது மகள். எட்டு வயது நிறையாத குழந்தையை விடமாட்டார்கள், வயதுச் சான்றும் கேட்பார்கள். ஒரு மாதம்தானே என்று வாசலில் பேசிப் பயனில்லை. பெரியவர்களில் ஒருவர் அவளோடு கீழே இருக்க வேண்டும், அல்லது பயணத்தையே ஜூனுக்குத் தள்ள வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது நேரக் கணக்கில். ரயில் நிற்கும் எல் சோரோ பாதையின் தெற்கு முனை, அதாவது முடியும் இடம். நடை ஒருவழிதான், வடக்கே அர்தாலெஸ் பக்கம் தொடங்கும். நிலையத்திலிருந்து இணைப்புப் பேருந்தில் சுமார் 20 நிமிடம். இறங்கிய இடமும் நுழைவாயில் இல்லை. சிறிய சுரங்க வழியாகப் போனால் 1.5 கி.மீ., சுற்று வழியில் 2.7 கி.மீ. நடந்த பிறகே சீட்டைப் பார்க்கும் இடம் வரும். சீட்டில் உள்ள 10:30 அந்த வாசலுக்கான நேரம். பேருந்துக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் 8:30-க்கே எல் சோரோவில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ரயில் இல்லையென்றால் நுழைவை மதியத்துக்கு எடுங்கள். ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குவதே முறை.

பதில் 2
அம்மாவின் மூட்டைப் பற்றி: மொத்தம் 7.7 கி.மீ.; அதில் சுமார் 2.9 கி.மீ. பள்ளத்தாக்குப் பகுதி. சிறிய சுரங்க வழியில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். பலகைகள் சமதளம்தான், அகலம் ஒரு மீட்டர். சிரமம் கடைசியில்: ஆற்றுக்கு 100 மீட்டர் உயரத்தில் தொங்குபாலம், அதைத் தாண்டியதும் பாறையை ஒட்டிய படிக்கட்டு. அதன்பின் நிலையம்வரை இன்னும் 2 கி.மீ. பாதியில் திரும்ப வழியில்லை என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பாறைப் பக்கம் கம்பிவடம் உண்டு, தலைசுற்றினால் அதைப் பிடித்து நடக்கலாம்.

காலுக்குக் கீழே தெரிவது 1905-இல் முடிந்த பழைய பாதை. நீர்மின் நிலையத் தொழிலாளர்களுக்காகப் போட்டது. காரை உதிர்ந்து சில இடங்களில் இரும்புச் சட்டம் மட்டும்தான் நிற்கிறது. 2015-இல் திறந்த புதிய பாதை அதற்கு மேலே தனியாகப் பாறையில் பதித்தது. பழையதன்மேல் சாய்ந்து நிற்கவில்லை. உயரத்துக்கு அஞ்சுபவருக்கு இதை விளக்கினாலே பாதி பயம் போய்விடும்.

பதில் 3
உள்ளே கழிப்பறையும் இல்லை, குடிநீரும் இல்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், சிறிய முதுகுப்பை. பெரிய பையும் குடையும் அனுமதியில்லை. தலைக்கவசம் வாசலில் தருவார்கள். பலத்த காற்றடித்தாலோ மழை பெய்தாலோ பாதையை மூடிவிடுவார்கள், அதனால் முந்தின மாலை அறிவிப்பைப் பாருங்கள். மலகாவில் உங்களுடைய கடைசி நாளில் இதை வைக்காதீர்கள். ஏப்ரல் சீட்டுகள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துபோகும்.