வேல ராமமூர்த்தி: எதில் தொடங்கிப் படிப்பது? நடிக்கப் போனால் எழுத்து மிஞ்சுமா?

பாலக்கோடு பஸ்:
எங்கள் வீட்டில் எதிர்நீச்சல் ஒரு எபிசோடு விடமாட்டார்கள். 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்த பிறகு ஆதி குணசேகரனாக வந்தாரே வேல ராமமூர்த்தி, அவரை நான் வில்லன் நடிகர் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அப்புறம் தருமபுரி புத்தகத் திருவிழாவில் பார்த்தால் குற்றப் பரம்பரை என்று தடியாக ஒரு நாவல், அட்டையில் இவர் பெயர். கையில் இருந்த காசுக்கு வேறு புத்தகம் எடுத்துவிட்டதால் அன்றைக்கு வாங்கவில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள், எதில் தொடங்கலாம்?

இன்னொன்று, கொஞ்சம் சுயநலமான கேள்வி. நானும் கதை எழுதுகிறேன், இரண்டு சிறு பத்திரிகைகளில் வந்திருக்கிறது. ஓசூரில் ஷிப்ட் வேலை. சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவர், உனக்கு ஆள் வாட்டம் இருக்கு, வேலையை விட்டுட்டு வா, நடிக்கலாம் என்று நச்சரிக்கிறார். அப்படிப் போனவர்கள் அப்புறம் எழுதுகிறார்களா?

மாங்காய் மண்டி:
தம்பி, அவர் சினிமாவிலிருந்து எழுத வந்தவர் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் பெருநாழிக்காரர். ராணுவத்தில் இருந்தார், பிறகு தபால் துறை, கூடவே சிறுகதை, நாவல். எழுத்தில் பேர் வாங்கிய பிறகுதான் 2013இல் மதயானைக் கூட்டம் படம் வருகிறது. 2016இல் மட்டும் சேதுபதி, கிடாரி இரண்டும். கிடாரியை ஒருமுறை பாருங்கள், ஒரு இடத்தில்கூட அவர் கத்த வேண்டிய தேவையே இருக்காது, உட்கார்ந்திருப்பதிலேயே அதிகாரம் தெரியும். தான் எழுதிய மனிதர்களில் ஒருவராகவே கேமரா முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அதன் பிறகு பல படங்களில் அந்த மீசையையும் குரலையும் மட்டும் வாடகைக்கு எடுத்ததுபோல் பயன்படுத்திவிட்டார்கள், அது எனக்கு வருத்தம்தான்.

படிக்க, முதலில் சிறுகதைகள். அப்புறம் குற்றப் பரம்பரை. அதற்கு முன் குற்றப் பரம்பரைச் சட்டம் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது. 1871இல் வெள்ளைக்காரன் போட்டது, சென்னை மாகாணத்துக்கு 1911இல் வந்தது. பிறந்த சாதிக்காகவே ஆண்களிடம் கைரேகை எடுத்து, ராத்திரியானால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வைத்தார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நாவலின் நாயகன் வேயன்னா ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்பது இது தெரிந்தால்தான் பிடிபடும்.

தென்பெண்ணைக் கரை:
நாவல் விறுவிறுப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீரம், ரத்தம், வேல்கம்பு என்று போகும்போது எழுதுகிறவரே அதில் மயங்கிவிடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சிறுகதைகளில் அந்தத் தொல்லை குறைவு. மண்டி அண்ணா சொன்ன வரிசை சரிதான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம்ம தருமபுரி மாவட்டத்தில் நடக்கிற கதையாக 2016இல் ஜோக்கர் வந்ததே, அதில் மு. ராமசாமியும் பவா செல்லதுரையும் இருக்கிறார்கள். முன்னவர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், நிஜ நாடக இயக்கம் நடத்தியவர், பிறகு 2019இல் கேடி என்கிற கருப்புதுரையில் நாயகனே அவர்தான். பின்னவர் திருவண்ணாமலை எழுத்தாளர், மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். வேல ராமமூர்த்திக்குத் தபால் துறை. மூன்று பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது பாருங்கள், ஒன்றாம் தேதியானால் சம்பளம். நாவலுக்கு ராயல்டி என்று பொதுவாகக் கிடைப்பது விலையில் பத்து சதவீதம்தான், அதுவும் புத்தகம் விற்றால். துணை நடிகருக்கோ படம் இருந்தால் காசு, இல்லாவிட்டால் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்த இரண்டையும் நம்பி ஓசூர் வேலையை விடச் சொல்கிற நண்பர் மாத வாடகை கட்டுவாரா என்று கேளுங்கள்.

கூத்து வீட்டுப் பையன்:
வேலையை விடாதே என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் நடிக்கவே போகாதே என்பதுபோல் பயமுறுத்த வேண்டாம். நம்ம பக்கத்துத் தெருக்கூத்தில் எழுதுகிறவன் வேறு, ஆடுகிறவன் வேறு என்று யார் பிரித்தார்கள்? வாத்தியார்தான் பாட்டுக் கட்டுவார், பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், பாரதம் நடக்கிற ஊரில் அவரே துரியோதனன் வேஷம் கட்டி விடிய விடிய ஆடுவார். சீசன் முடிந்தால் மறுபடி காட்டு வேலைக்குப் போய்விடுவார். எங்கள் தாத்தா அப்படித்தான் இருந்தார்.

மேடையில் சொல்லிப் பார்த்தால்தான் எந்த வசனம் வாயில் நிற்கும், எது பேப்பரில் மட்டும் அழகு என்று தெரியும். வேல ராமமூர்த்தி கதைகளில் ஆட்கள் பேசுவதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், எங்கேயும் மூச்சு முட்டாது. அவர் நடிகராவதற்கு முன்பே அந்தக் காது அவருக்கு இருந்திருக்கிறது. நீங்கள் லீவு நாளில் ஒரு குறும்படத்தில் நடித்துப் பாருங்கள், உங்கள் எழுத்துக்கு அது உரம்தான். சம்பளம் என்று ஏதாவது சொன்னால் மட்டும் முன்பணம் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

பாலக்கோடு பஸ்:
எல்லாருக்கும் நன்றி. மாவட்ட மைய நூலகத்தில் சிறுகதைத் தொகுப்பு இருக்கிறதா என்று இந்த வாரம் பார்க்கிறேன். நண்பரிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறேன் என்று சொன்னேன், இன்னும் பதில் இல்லை. தென்பெண்ணை அண்ணா, வாடகை கேள்வியையும் அப்படியே அனுப்பிவிட்டேன்.