ஆர்எம்ஆர் (பாறையோட உறுதிக்கு 100-க்குப் போடுற மார்க்) 78 வந்த பாறையில் வெடி வைத்தவங்க யாராவது?

கருங்கல் ஃபோர்மேன்:
செங்கல்பட்டுப் பக்கம் சார்னோகைட் (ஒருவகைக் கருங்கல்) குவாரி. அறிக்கையில் ஆர்எம்ஆர் 78, 'நல்ல பாறை'னு போட்டிருந்தது. அதைப் பார்த்துட்டு முதலாளி வெடிமருந்தைக் குறைக்கச் சொல்லிட்டார். புகை அடங்கிப் போய்ப் பார்த்தா, லாரி கேபின் அளவுக்குப் பாறாங்கல்லா கிடக்கு, முகப்போட (உடைக்கிற பாறைச் சுவர்) அடிப்பாகம், அதான் டோ, உடையாம அப்படியே நிக்குது. பிரேக்கர் ஆபரேட்டர் இன்ஜினை அணைச்சுட்டு இறங்கி, ஒரு வார்த்தை பேசாம என்னையே பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் உறுத்துது. 1973-ல பீனியாவ்ஸ்கிங்கிற பொறியாளர் ஆர்எம்ஆரைக் கொண்டுவந்தது சுரங்கப்பாதைக்கு எவ்வளவு தாங்கு வேணும்னு கணிக்க. கூரை விழாம நிக்கிறதுதான் அதுல 'நல்ல'. நமக்கு உடையணும்!

பெஞ்ச் மார்க்:
அண்ணே, அதுக்காக ஆர்எம்ஆரே வேண்டாம்னு ஆகிடாது. ஆர்க்யூடி (துளைச்சு எடுத்த கல்லு எவ்வளவு முழுசா வந்துச்சுங்கிற சதவீதம்), ஜாயின்ட் (பாறையில ஓடுற விரிசல்) இடைவெளி எல்லாம் அந்த ஃபைல்லயே இருக்கும். அதை எடுத்து லில்லிங்கிறவரோட 1986 வெடிப்புக் குறியீட்டுல (பாறையை உடைக்க எவ்வளவு மருந்து வேணும்னு கணிக்கிறது) போட்டுப் பாருங்க. ஒரே திணிவான பாறைக்கு 50, ஜாயின்ட் ஒரு மீட்டருக்கு மேல தள்ளி இருந்தா இன்னொரு 50. ஜாயின்ட் முகப்புக்கு உள்பக்கம் சாய்ஞ்சா 40, வெளிப்பக்கம் சாய்ஞ்சா 20. அடர்த்தி 2.7-க்கு 17.5, கடினம் 8. கூட்டிப் பாதியாக்கினா உள்சாய்வுக்கு ஏறக்குறைய 83, வெளிச்சாய்வுக்கு 73. 0.004-ஆல பெருக்கினா டன்னுக்கு 0.33 கிலோ, 0.29 கிலோ மருந்து. எங்க குவாரியில முகப்பைத் திருப்பின பிறகுதான் டோ தொல்லை விட்டது. பாறை அதேதான்.

ஈரக்குழி:
0.33-னு ரெண்டு தசமம் வரைக்கும் நம்பாதீங்க. லில்லி அதை ஆஸ்திரேலிய இரும்புச் சுரங்கங்களை வெச்சுப் போட்டது. தண்ணி விஷயத்தை யாருமே சொல்லலையே? தண்ணி இருந்தா ஆர்எம்ஆர்ல மார்க் குறையும், ஆனா ஈரப் பாறை சுலபமா உடையும்னு அர்த்தமில்ல. ஊறின குழியில ஆன்ஃபோ (தண்ணி தாங்காத அமோனியம் நைட்ரேட்-டீசல் மருந்து) போட்டு வெடிச்சு, ஆரஞ்சு நிறத்துல புகை எங்க பக்கம் உருண்டு வந்ததைப் பார்த்தவன் நான். நச்சுப் புகை அது, எல்லாரும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடினோம். அதனால தம்பிகளா, ஈரக்குழின்னா தண்ணி தாங்குற எமல்ஷன் மருந்துதான். துளை குறிக்கிறதுக்கு முன்னாடி காம்பஸ் எடுத்துட்டுப் போய் முகப்புல ஜாயின்ட் சாய்வை அளந்துடுங்க, முகப்பு நகர நகரத் திரும்ப அளங்க. டிரில்லர்கிட்ட எந்த ஆழத்துல பிட் சட்டுன்னு இறங்குச்சு, எங்க தண்ணி வந்துச்சுன்னு துளை துளையா எழுதி வாங்குங்க. களிமண் இடுக்குல மருந்து ஏத்தினா வெடி வாயு அந்த வழியாப் போயிடும், கல்லு பறக்கும், அந்த இடத்தை ஸ்டெம்மிங் (மருந்தில்லாத அடைப்பு) போட்டு அடைச்சுடுங்க. ஸ்டெம்மிங்குக்கு டிரில் தூளை அள்ளிப் போடாதீங்க, சின்ன ஜல்லிதான் பிடிச்சு நிக்கும். பெரிய கல்லு பெரும்பாலும் ஸ்டெம்மிங் இருக்கிற, மருந்து எட்டாத துளை மேல்பகுதியிலிருந்துதான் வருது.

கருங்கல் ஃபோர்மேன்:
டோவுக்கு என்ன சொல்றீங்க? எங்க ஜாயின்ட் உள்சாய்வுதான், ஆனா முகப்பைத் திருப்ப இடமில்லை, பக்கத்துல பட்டா நிலம்.