ஜெனியின் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாள்: குடும்பக் குழுவில் இஞ்சி பியர் பேச்சு

ஜெனி: ஞாயிறு அறுபது பேராவது வருவார்கள் போல இருக்கிறது. இஞ்சி பியர் வீட்டிலேயே போடலாம் என்று அம்மா சொல்கிறார். யார் யாரிடம் போத்தல் இருக்கு?

செல்வி அத்தை: என்னிடம் பதினைந்து. கண்ணாடி.

ரவி சித்தப்பா: என்னிடம் நிறைய இருக்கு. கவலையே வேண்டாம்.

செல்வி அத்தை: நிறைய என்றால் என்ன போத்தல்?

ரவி சித்தப்பா: சோடா போத்தல், சாராயப் போத்தல், எல்லாம் கலந்து.

அம்மா: தம்பி, மண்ணெண்ணெய் போத்தல் வேண்டாம். பொங்கலுக்குக் கொடுத்த நல்லெண்ணெயில் அந்த வாடைதான் வந்தது.

ரவி சித்தப்பா: அண்ணி, அது ஒரே ஒரு போத்தல். இன்னும் மறக்கவில்லையா?

தினேஷ்: கடையில் விற்கிற ஈஜிபி இஞ்சி பியரை வாங்கிவிடலாமே. கொழும்பில் மொத்தமாக எடுக்கலாம்.

அம்மா: காசு அனுப்புகிறாயா?

தினேஷ்: சும்மா சொன்னேன்.

பெரியப்பா: (குரல் செய்தி, 4:12)

கலா அக்கா: அப்பா, வாய்ஸ் போடாதீங்க. வார்டில் டியூட்டியில் இருக்கிறேன். எழுதுங்க.

பெரியப்பா: சரி, எழுதுகிறேன். கடைசி வரை வாசிக்க வேண்டும். கழுவுவது ஒரு வேலை, கிருமியைக் கொல்வது வேறு வேலை. அழுக்குப் போகாத போத்தலில் எந்த மருந்தை ஊற்றினாலும் அழுக்குக்கு அடியில் இருக்கிற கிருமி தப்பித்துக்கொள்ளும். அதனால் முதலில் கழுவல். காய்ந்த போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கழுத்துக்குக் கீழே பாருங்கள். மஞ்சளாக ஒரு வளையம் தெரியும். பழைய ஈஸ்டும் சீனியும் ஒட்டிக் காய்ந்த இடம் அது. போத்தல் ஈரமாக இருந்தால் அது கண்ணில் படாது, விரல் விட்டால் வழுக்கும். சுடுதண்ணீரில் சலவைச் சோடா கரைத்து இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் பிரஷ் போட்டால் வந்துவிடும். வாசனை சவர்க்காரம் வேண்டாம், அது படலமாக நிற்கும், நுரையும் ருசியும் கெடும். தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் நான் டீமேக்கராக இருந்த காலம் முழுக்க, கொழுந்து உருட்டுகிற ரோலர் மேசையைக் கழுவாமல் ஒருவரும் வீட்டுக்குப் போனதில்லை. நேற்றைய கொழுந்துச் சாறு மேசையில் கிடந்தால் இன்றைய தூள் புளிக்கும்.

ரவி சித்தப்பா: ஆரம்பித்துவிட்டார் டீமேக்கர் ஐயா.

ரவி சித்தப்பா: மணல் போட்டு நாலு குலுக்குக் குலுக்கினால் முடிந்தது அண்ணன். மலைத் தண்ணி விழுகிற பீலிக்கரையில் ஆயா அப்படித்தானே கழுவும்?

பெரியப்பா: மணல் கீறிவிடும். கீறலுக்குள் கிருமி குடியிருந்தால் பிரஷ் அங்கே போகாது. அரிசி போட்டுக் குலுக்கு, பரவாயில்லை.

செல்வி அத்தை: அரிசி விற்கிற விலைக்கு!

அம்மா: குறுணல் கிடக்கு, தருகிறேன். ஆயா பக்கத்தில்தான் இருக்கிறார். கழுவிவிட்டு சாம்பிராணி காட்டினால் போதும் என்கிறார்.

பெரியப்பா: சாம்பிராணி சாமிக்கு. போத்தலுக்குக் கொதிதண்ணி. ஆயாவிடம் சொல்லு.

அம்மா: சொன்னேன். அவனை வளர்த்தது யார் என்று கேட்கிறார்.

தினேஷ்: வீடியோவில் 100 டிகிரியில் பத்து நிமிடம் என்று போட்டிருக்கு.

பெரியப்பா: அது உனக்கு, கடற்கரையில் இருக்கிறவனுக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். தலவாக்கலையில் அதைவிடக் கொஞ்சம் கூட. ஈஸ்ட், புளிக்க வைக்கிற பக்டீரியா எல்லாம் அதற்கு முன்பே செத்துவிடும், பயமில்லை. ஆனாலும் இருபது நிமிடம் விடுங்கள். பச்சைத் தண்ணீரில் போத்தலைப் படுக்க வைத்து, தண்ணீரோடு சேர்த்துச் சூடாக்க வேண்டும். இந்தக் குளிரில் ஐஸ் மாதிரி இருக்கிற போத்தலில் கொதிதண்ணி ஊற்றினால் பட்டென்று அடி விட்டுவிடும்.

ரவி சித்தப்பா: சாராயம் கொஞ்சம் ஊற்றி அலசினாலும் கிருமி சாகும்தானே? ஆஸ்பத்திரியில் ஸ்பிரிட் போடுகிறார்கள்.

கலா அக்கா: அந்த ஸ்பிரிட்டில் எழுபது வீதம் அல்கஹோல் சித்தப்பா. சாராயத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான்.

செல்வி அத்தை: அலசின சாராயம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

ரவி சித்தப்பா: அக்கா!

பெரியப்பா: ரவி, அந்தச் சாராயப் போத்தல் எதுவும் கொண்டு வராதே. அது காற்றுத் தாங்குகிற போத்தல் இல்லை. சோடா, பியர் போத்தல் மட்டும்தான். போன கிறிஸ்மஸுக்கு உன் வீட்டில் வெடித்தது நினைவிருக்கா?

ரவி சித்தப்பா: அது அடுப்புச் சூட்டுக்கு வெடித்தது.

பெரியப்பா: சூட்டுக்கும்தான். கழுவாத போத்தலில் பழைய கிருமி இருந்து, மிச்சச் சீனியையும் தின்று காற்றைக் கூட்டியது. அதற்கு மேல் சாராயப் போத்தல். கண்ணாடித் துண்டு கூரைத் தகரத்தில் போய்க் குத்தியது. பிள்ளைகள் நிற்கிற இடம் அது.

செல்வி அத்தை: அந்தத் தகரத்துக்கு இன்னும் காசு வரவில்லை.

ஜெனி: ஐயோ, தகரம் இப்போது வேண்டாம். பிளாஸ்டிக் போத்தலும் கொதிக்க வைக்கலாமா?

கலா அக்கா: கூடாது. சுருங்கிவிடும். பிளீச் போடு. வாசனை இல்லாத சாதாரண பிளீச், நாலு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. இருபது நிமிடம் ஊற விட்டு, கொதித்து ஆறின தண்ணீரால் அலசு. பீலித் தண்ணியைப் பச்சையாக ஊற்றி அலசினால் செய்தது அத்தனையும் வீண். மூடியையும் போடு. மூடியை எல்லோரும் மறப்பார்கள்.

அம்மா: வாடை போக தேசிக்காய் பிழியலாமா?

கலா அக்கா: பிளீச்சோடு சேர்த்தா? வேண்டவே வேண்டாம் சித்தி! தேசிக்காய், வினாகிரி எதுவும் அதில் படக்கூடாது. விஷக் காற்று வரும்.

அம்மா: சரிம்மா.

ரவி சித்தப்பா: வடிக்க டியூப் என்னிடம் இருக்கு.

தினேஷ்: எந்த டியூப்? திரீவீலில் பெட்ரோல் உறிஞ்சுவீங்களே, அதா?

ரவி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

தினேஷ்: நான் வாசித்துவிட்டேன். "நல்லாத்தான் அலசினேன்" என்று இருந்தது.

பெரியப்பா: புது டியூப் வாங்கு. அதையும் வாயால் உறிஞ்சாதே. வாயில் இல்லாத கிருமியா? தண்ணீரை நிரப்பிப் பிடித்து இறக்கு.

செல்வி அத்தை: போத்தல் சரி. ஊற வைக்கிறது எதில்?

ரவி சித்தப்பா: நீலக் கான் இருக்கு, இருபது லீற்றர். தோட்டத்தில் கேட்டு வாங்கினேன். நன்றாகக் கழுவியாச்சு.

பெரியப்பா: எதற்கு வந்த கான்?

ரவி சித்தப்பா: களை மருந்து என்று நினைக்கிறேன். மூன்று தரம் கழுவிக் கொடுத்தார்கள்.

பெரியப்பா: ரவி, அதை வீட்டுக்குள் வைக்காதே. நான் கோபத்தில் சொல்லவில்லை. மூன்று தரம் கழுவுவது கானைக் கழிப்பதற்கு முன்னால் செய்கிற வேலை. கழுவி, ஓட்டை போட்டு, யாரும் எடுக்க முடியாதபடி ஒதுக்க வேண்டும். பாவிப்பதற்காகக் கழுவுவது இல்லை. மருந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கி நிற்கும். சோடாவும் எடுக்காது, கொதிதண்ணியும் எடுக்காது, பிளீச்சும் எடுக்காது. கிருமி என்றால் புளிக்கும், கொட்டிவிடலாம். இது வாடைகூடத் தெரியாமல் பிள்ளைகள் வயிற்றுக்குள் போகும். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், எத்தனை வீட்டில் இந்தக் கானில் குடிதண்ணி பிடித்து வைக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு போனவன் நான்.

கலா அக்கா: அப்பா சொல்வது உண்மை சித்தப்பா. இன்றைக்கே ஓட்டை போடுங்க.

ரவி சித்தப்பா: சரி அண்ணன். போடுகிறேன். அதில் தண்ணி எதுவும் பிடிக்கவில்லை.

ஜெனி: அப்போ பெயின்ட் வாளி?

கலா அக்கா: ஜெனி!

ஜெனி: கேட்டுப் பார்த்தேன்.

அம்மா: அண்ணி, உங்கள் பெரிய அண்டா இருந்தால் வேலை முடிந்தது.

செல்வி அத்தை: எந்த அண்டா? காதுகுத்துக்கு வாங்கிக்கொண்டு போய், பக்கம் நெளிந்து வந்ததே, அதா?

அம்மா: வரும்போதே நெளிந்துதான் வந்தது அண்ணி.

செல்வி அத்தை: சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியப்பா: அது அலுமினியம். போத்தல் கொதிக்க வைக்க நல்லது. சலவைச் சோடாவோ பிளீச்சோ அதில் ஊற்றாதீர்கள், கறுத்துவிடும். இஞ்சியும் தேசிக்காயும் போட்டு இரவு வைக்கவும் கூடாது, புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். இஞ்சி பியருக்கு எவர்சில்வர்.

தினேஷ்: நானுஓயாவுக்கு சனி ரயிலில் சீட் இல்லை. பஸ்ஸில்தான் வருகிறேன். யார் கூப்பிட வருவது?

ரவி சித்தப்பா: நான் வருகிறேன். ஈஸ்ட் கொஞ்சம் கூடப் போடலாம். ஒரு பங்கைக் கூடுதல் நேரம் விட்டால் பெரியவர்களுக்கு ஸ்ட்ராங்காக வரும்.

செல்வி அத்தை: பெயர் வைக்கிற வீட்டில் கள்ளச்சாராயமா, கசிப்பா?

ரவி சித்தப்பா: கசிப்பு இல்லை அக்கா, இஞ்சி வைன்.

பெரியப்பா: மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912இல் வந்தது, இன்றும் இருக்கு. அனுமதி இல்லாமல் வீட்டில் மது போட முடியாது. பிள்ளை விசேஷத்துக்குப் பொலிஸைக் கூப்பிடாதே. நாளை இரவு போட்டால் வெள்ளி காலை பார்க்கலாம். குளிருக்கு ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும், அடுப்படியில் வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லை. கண்ணாடிப் போத்தலோடு ஒரு பிளாஸ்டிக் போத்தலும் நிரப்பி வையுங்கள். அதை அமுக்கிப் பார்த்து, கல் மாதிரி இருந்தால் எல்லாவற்றையும் உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

ஜெனி: அறுபது பேருக்கான போத்தல் ஒரு ஃபிரிட்ஜில் கொள்ளாதே பெரியப்பா.

அம்மா: பக்கத்து வீட்டில் கேட்கலாம்.

செல்வி அத்தை: அவர்களோடு இன்னும் பேச்சு இருக்கா?

அம்மா: பிள்ளையைப் பார்க்க வந்தார்கள் அண்ணி.

ரவி சித்தப்பா: எவர்சில்வர் பானை யாரிடம்?

பெரியப்பா: என்னிடம் ஒன்று. பத்து லீற்றர்தான்.

தினேஷ்: மிச்சத்துக்கு ஈஜிபி?

ஜெனி: அம்மா, பாதிக்குப் பாதி செய்யலாமா?

அம்மா: முதலில் சலவைச் சோடா யார் வாங்குவது என்று சொல்லுங்கள். அண்ணி, அண்டா?

செல்வி அத்தை: காலையில் பார்த்துச் சொல்கிறேன்.