டிரையம்ஃப் டிஆர்6: புது மர டேஷ்போர்டில் மீட்டர் நிற்கவில்லை

வண்டி 1972 மாடல் டிரையம்ஃப் டிஆர்6 ஸ்போர்ட்ஸ் கார், இங்கிலாந்தில் கவென்ட்ரி பக்கம் இருக்கிறேன். விண்ட்ஸ்கிரீன் ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி, பழைய டேஷ்போர்டின் வால்நட் வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள்) மேல் ஓரத்தில் அப்பளம் மாதிரி எழும்பிவிட்டது, உள்ளே பிளைவுட்டும் பிரிந்துவிட்டது. ரப்பரை மாற்றிவிட்டு, போன மாதம் புதுப் பலகை வாங்கினேன். பார்க்க அருமை, ஆனால் பழையதைவிடக் கிட்டத்தட்ட 2 மிமீ தடிமன்.

அங்கேதான் சிக்கல். ஸ்பீடோமீட்டர், டேக்கோமீட்டர் (இன்ஜின் சுற்று வேகம் காட்டும் மீட்டர்) இரண்டையும் பின்னாலிருந்து பிடிக்கும் யு வடிவ பிராக்கெட் தள்ளி நிற்பதால் நட்டு மரையில் ஏறவே மாட்டேன் என்கிறது. ஏறினாலும் ஒரு சுற்றுதான், வண்டி ஓடினால் கழன்றுவிடும். சுவிட்ச்களுக்கும் இதே கதை.

துளைகளுக்குள் திரண்டிருந்த லாக்கரை (பளபளப்புப் பூச்சை) உப்புத்தாளால் தேய்த்தேன், மீட்டர் தாராளமாக உள்ளே போகிறது, அதில் குறையில்லை. பின்பக்க ரப்பர் வளையத்தையும் எடுத்துப் பார்த்தாயிற்று. இன்னும் இறுக்கினால் முன்பக்க லாக்கர் விரிசல் விடுமோ என்று பயம். விற்றவர்கள் 'எல்லாருக்கும் பொருந்துகிறதே' என்கிறார்கள், சரி.

பலகையின் பின்பக்கத்தை மீட்டர், சுவிட்ச் துளைகளைச் சுற்றி மட்டும் ரவுட்டரால் (மரம் குடையும் மெஷினால்) 2 மிமீ குடையலாமா, இல்லை பிராக்கெட்டின் கால்களை அராவிக் குட்டையாக்குவதுதான் சரியா?