மினாக்சிடில் போட ஆரம்பித்ததும் முடி இன்னும் அதிகமாகக் கொட்டுகிறது, தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தோல் மருத்துவர் சொன்னபடி, முடி வளர்வதற்கான 5% மினாக்சிடில் மருந்தைத் தலையில் காலையும் இரவும் 1 மி.லி. தடவ ஆரம்பித்து இது 6-வது வாரம். 3-வது வாரத்திலிருந்து கொட்டுவது நிற்கவே இல்லை. தலைக்குக் குளித்தால் விரலிடுக்கில் கொத்தாகச் சுற்றிக்கொண்டு வருகிறது, காலையில் தலையணையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

காரணம் தெரியும். ஓய்வு நிலையில் இருக்கும் பழைய முடியை மருந்து சீக்கிரம் உதிர்த்துவிட்டு, வேரை மறுபடி வளரும் நிலைக்குத் தள்ளுகிறது, அதனால் முதல் 2 மாதம் இப்படித்தான் இருக்கும், பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். சரி, புத்திக்குப் புரிகிறது. ஆனால் வகிடு அகலமாவதைக் கண்ணாடியில் பார்க்கும்போது மனசு கேட்க மாட்டேன் என்கிறது, நேற்று இரவு பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அரிப்போ சிவப்போ எதுவும் இல்லை. உங்களுக்கு எத்தனை வாரத்தில் குறைந்தது? அந்த நாட்களில் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டீர்களா? அப்புறம், எந்த நிலை வந்தால் மருத்துவரிடம் திரும்பப் போனீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.